கிணறு இறைத்த வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது

இந்தத் தளத்தில் நான் வழக்கமாக எழுதுவது கோவில், குளம், சாப்பாட்டுக் கடை. அதனால் கடலூர், சிதம்பரம் பக்கம் போய் வந்தேன் என்று சொன்னதுமே தரிசனம் ஆச்சா, பிச்சாவரத்தில் படகு ஓடுகிறதா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். தரிசனமும் இல்லை, படகும் இல்லை. போன ஜூன் மாதம் நான் அங்கே மூன்று நாள் அலைந்தது குடிதண்ணீர் கேட்டு. வயிறு எரிந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் மேலே படிக்கலாம்.

செல்வராசு என் மனைவியின் தம்பி. கீரப்பாளையம் பக்கம் ஒரு ஊரில் வீடு, கொஞ்சம் நிலம், அரிசி மில்லில் வேலை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்களாம். அந்த ஊர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதன் பூமிக்கடியில் உள்ள டேங்க் ஓட்டையாகி எத்தனை காலம் கசிந்ததோ, யாருக்கும் தெரியாது. ஒரு கோடையில் பின்தெருக் கிணறுகளில் வாளி விட்டால் மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் வந்தது. பஞ்சாயத்துக் குழாய்க்குத் தண்ணீர் கொடுத்த போரும் அதே ரோட்டோரம்தான், அதை முதலில் மூடினார்கள். ஜனங்கள் மறியல் செய்த பிறகு ஓர் உத்தரவு வந்தது. கெட்டுப்போன கிணறு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பங்க்காரர் தினம் இரண்டு கேன் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். எந்தக் கிணறு கெட்டது என்பதைப் பரிசோதனை சொல்லும்.

செல்வராசு வீட்டுக் கிணறு நல்ல கிணறு என்று சொல்லிவிட்டது பரிசோதனை. அவன் மகள் நித்யா தலைப்பிரசவத்துக்கு வந்து அந்த வீட்டில்தான் இருந்தாள். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. "மாமா, நீங்க ஆபீசருங்ககிட்ட நல்லா பேசுவீங்க. ஒரு நடை வாங்க" என்று போன் செய்தான். கட்டுரை எழுதுகிறவன் பேசினால் காரியம் நடக்கும் என்று என் மச்சான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான், பாவம்.

செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி. பண்ருட்டி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பலாப்பழ சீசன். பண்ருட்டியில் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் கால் மணி நேரம் போனது. உட்கார இடம் கிடைத்தால் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வெயில் அந்தப் பக்கம் குறைவு என்று எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் இடது பக்கம்தான் வெயில் அடித்தது.

கடலூர் பேருந்து நிலையத்தில் செல்வராசு எனக்கு முன்பே வந்து நின்றான். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் நிறைய அவன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து மஞ்சக்குப்பம் போனோம். அங்கே மைதானத்தைச் சுற்றி அரசு அலுவலகங்கள். முதலில் போன இடத்தில் இது இங்கே இல்லை என்றார்கள், இரண்டாவது இடத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார்கள். மைதானத்து ஓரக் கடையில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம், சுமார்.

இரண்டரை மணிக்கு அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, அந்தக் கிணற்றில் எல்லாமே அளவுக்குள் இருக்கிறது என்றார். செல்வராசு பாட்டிலை மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தான். அதிகாரி லேசாகக் குனிந்தவர் சட்டென்று பின்னால் சாய்ந்தார்.

"மூடுங்க, மூடுங்க. ரூம் பூரா அடிக்குது."

காரியம் முடிந்தது என்று நினைத்தேன். நீங்களே மூக்கைப் பொத்திக்கொண்டீர்களே சார், இதற்கு மேல் என்ன பரிசோதனை வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"என் மூக்கு ரிப்போர்ட் ஆவாதுங்களே சார்."

பிறகு அவராகவே செல்வராசு பக்கம் திரும்பி, சாம்பிள் எடுக்க வருவதற்கு முன்னால் கிணற்றை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். செல்வராசு என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அடுத்து அவன் சொன்னது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"புள்ளைய பிரசவத்துக்கு அழைச்சிட்டு வர்ற நேரமுங்க. வீட்ட வெள்ளையடிச்சி, கெணத்த எறைச்சோம்."

மோட்டார் வைத்து முழுக்க இறைத்து, உறைக்குள் ஆளை இறக்கித் தூர் வாரி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டிருக்கிறார்கள். மறுநாள் ஊறிய புதுத் தண்ணீரைத்தான் பரிசோதனைக்காரர்கள் பாட்டிலில் பிடித்துப் போயிருக்கிறார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எண்ணெய் இருப்பது மண்ணில், இறைத்த கையோடு பார்த்தால் தெரியாமல் போகலாம், மெல்ல மெல்லத் திரும்பி வரும் என்று விளக்கினார். நாமே பாட்டிலில் பிடித்துப் போகிற தண்ணீரை ஏற்க முடியாது. ஒரு வீட்டுக்காகத் தனியாக வர முடியாது, அடுத்த சுற்று ஆகஸ்ட் கடைசியில். பிரசவம் ஜூலையில் சார் என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நல்லவர்தான், மேலே சாமி யார் என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் செல்வராசு பாட்டிலைக் காலி செய்ய வராந்தாவில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனான். காவலாளி ஓடி வந்தார். அதில் ஊற்றினால் கட்டடம் முழுக்க வாடை வரும், ஊற்றக் கூடாது என்றார். வாசலில் ஒரு வேப்பங்கன்று இருந்தது. அங்கேயும் வேண்டாம், இப்போதுதான் நட்டோம், பட்டுப்போகும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். ஒரு கர்ப்பிணிப் பெண் குளிக்கிற தண்ணீரை ஊற்ற அந்த வளாகத்தில் இடமில்லை. செல்வராசு மூடியை இறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மாலை 4.20 வண்டி, ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து கீரப்பாளையம் ஏழெட்டு கிலோமீட்டர், புவனகிரி போகிற எந்த நகரப் பேருந்தும் நிற்கும். சிதம்பரத்தில் வண்டி மாறும்போது கோபுரம் தெரிந்தது. கும்பிடத் தோன்றவில்லை, தேநீர் குடித்துவிட்டு ஏறிவிட்டேன்.

வீட்டில் செல்வராசுவின் மனைவி கலா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். கேன் தண்ணீரில் காபி போட்டு, கேன் தண்ணீர்தான் என்று சொல்லியே கொடுத்தாள். அந்த வீட்டில் இப்போது எதைக் கொடுத்தாலும் அப்படிச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். கேன் கடையில் முப்பத்தைந்து ரூபாய், அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பக்கத்து ஊரிலிருந்து இழுத்துவிட்ட குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை நாலு குடம் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் கிணறுதான்.

நித்யாவுக்குக் குளித்து வந்தால் தலைவலி. தாய்க்காரிக்குத் தெரிந்த வைத்தியம் தண்ணீரைக் கொதிக்க வைப்பது. காய்ச்சினால் எல்லாம் செத்துப்போகும் என்று இரண்டு வேளையும் அண்டாவில் காய்ச்சி, குளிர் காற்று படக் கூடாதென்று குளியலறைக் கதவையும் மூடிக் குளிக்க வைத்திருக்கிறாள். பெட்ரோல் என்ன கிருமியா, சாவதற்கு. கொதிக்கக் கொதிக்க ஆவியாகி அந்தச் சின்ன அறைக்குள்தான் நிற்கும். இதை நான் சொன்னபோது கலா அடுப்பை அணைத்துவிட்டு அண்டாவை இறக்கி வைத்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஆகிவிட்டது.

சாம்பிள் எடுத்த நாளைப் பற்றி அவளே பேச ஆரம்பித்தாள். ஆட்கள் வருவதாக முதல் நாளே தண்டோரா போட்டார்களாம். தெருவில் எல்லாரும் கிணற்றை அப்படியே விட்டிருக்க, இவள் வீட்டுக் கிணற்றில் மட்டும் அடிமணல் தெரிந்திருக்கிறது. வந்தவர்களை நிறுத்தி, எட்டிப் பாருங்கள் என்று பெருமையாகக் காட்டியிருக்கிறாள்.

"வீட்டுக்கு ஆளு வராங்கன்னா கூட்டாம வுடுவோமாண்ணே? நாறுற கெணத்தயா காட்டுவாங்க?" என்றாள்.

பொங்கலுக்கு இறைப்போம், கல்யாணத்துக்கு இறைப்போம், பிள்ளைத்தாய்ச்சி வந்தால் இறைப்போம். விருந்தாளியோ அதிகாரியோ, வருகிற ஆளுக்கு வீட்டின் நல்ல முகத்தைத்தான் காட்டுவோம். நம் ஊரில் யாரும் செய்கிற காரியம் இது. இறைக்காதே, எங்களுக்கு அழுக்குத்தான் வேண்டும் என்று தண்டோராவில் ஒரு வரி சேர்த்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை 8.40க்குத் தண்ணீர் வண்டி வந்தது. இடது பக்கத்து வீட்டில் இரண்டு கேன், வலது பக்கத்து வீட்டில் இரண்டு கேன், எதிர்வீட்டில் இரண்டு. இந்த வாசலில் மட்டும் நிற்காமல் போனது. ஓட்டுநரை நிறுத்திக் கேட்டேன். லிஸ்டில் இல்லாத வீட்டுக்கு இறக்கினால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார். பக்கத்து வீட்டார் ஆரம்பத்தில் அரை கேன் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தால்தானே கொடுக்கிறீர்கள், அப்படியானால் ஒரு கேன் போதுமே என்று பங்க் ஆள் யாரோ வந்து கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. போதாததற்கு, அவர்கள் கிணறுதான் நல்ல கிணறாச்சே என்று தெருவில் ஒரு குத்தல் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பத்து மணிக்குச் செல்வராசுவின் பைக்கில் அந்தப் பங்கையே பார்க்கப் போனேன். பயணிகளுக்கு ஒரு தகவல்: நல்ல பங்க். புது டேங்க் புதைத்திருக்கிறார்கள், தரை பளபளக்கிறது, காற்று இலவசம், கழிப்பறை சுத்தம். ஓரத்தில் வாடிக்கையாளர்களுக்கு என்று எழுதி ஒரு குடிநீர் மெஷின், குளிர்ந்த தண்ணீர். மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலாளி சொல்கிற லிஸ்ட்படிதான் செய்ய முடியும், நீங்கள் அங்கே எழுதிக் கொடுங்கள் என்று மஞ்சக்குப்பம் இருக்கிற திசையைக் கை காட்டினார். நான் வாதாடிக்கொண்டிருந்தபோது செல்வராசு பைக்குக்கு ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டு, சீட்டுக்கடியிலிருந்து இரண்டு காலி பாட்டில்களை எடுத்து அந்த மெஷினில் பிடித்தான். பழகிய கை. தினமும் அப்படித்தானாம்.

"போட்டாதான் வுடுவாங்க மாமா. புள்ளைக்கி குடிக்க ஆவும்" என்றான்.

கிணற்றில் இலவசமாகக் கொடுத்த பெட்ரோலுக்கு இங்கே காசு வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மேனேஜரின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடித்து என்ன ஆகப்போகிறது, அவரும் மாதச் சம்பளக்காரர். அன்று முழுவதும் போனில் யார் யாரிடமோ பேசினேன். எல்லாருமே அனுதாபப்பட்டார்கள்.

வியாழக்கிழமை பத்தரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. பண்ருட்டியிலிருந்து நித்யாவின் மாமியாரும் மாப்பிள்ளையும். முந்திரி வியாபாரக் குடும்பம், நல்ல மாதிரியான ஜனங்கள். தலைவலி விஷயத்தை நித்யா போனில் சொல்லியிருக்கிறாள். கலா ஓடிப்போய் புதுக் கேனைத் திறந்து காபி போட்டாள். கேன் தண்ணிதான் சம்பந்தி என்று சொல்லிக் கொடுத்தாள். சம்பந்தியம்மா டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். ஆறியது. கடைசியில் கீழே வைத்துவிட்டார். கலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாங்க குத்தம் சொல்ல வரல சம்பந்தி. எங்கூட்டு போர் தண்ணி நல்லாருக்குது. புள்ள பொறக்கற வரைக்கும் அவ அங்கியே இருக்கட்டும்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே என்று கலா சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். எந்த முகத்தோடு சொல்வது? சம்பந்தியம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் மகளாக இருந்தால் நான் முந்தின வாரமே கார் எடுத்து வந்திருப்பேன், அதுதான் உண்மை. செல்வராசு தோட்டப்பக்கம் போனவன் திரும்பி வரவே இல்லை. நித்யா போகமாட்டேன் என்று அழுதாள். அழைத்து வந்த பிள்ளைத்தாய்ச்சியைப் பிரசவத்துக்கு முன்னால் திருப்பி அனுப்புவது அந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று அவளுக்குத் தெரியாதா? கலாதான் துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்தாள், தலை வாரிப் பூ வைத்தாள்.

"தலைக்கு தண்ணி ஊத்த நீதாம்மா வரணும்" என்றாள் நித்யா. குழந்தை பிறந்த பின் தாய்க்காரிதான் வந்து ஊற்றுவாள், அது வழக்கம்.

"வரேன்" என்றாள் கலா. "அவுங்கூட்டு தண்ணிய மோந்து ஊத்திட்டு வரேன்."

எனக்கும் பண்ருட்டி வழிதான் என்பதால் காரிலேயே ஏற்றிக்கொண்டார்கள். புவனகிரி, வடலூர் வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம். பண்ருட்டியில் இறங்கும்போது சம்பந்தியம்மா என் வீட்டுக்கென்று ஒரு முழுப் பலாப்பழம் வாங்கிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். நல்ல பழம், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

பயணக் கட்டுரை என்றால் கடைசியில் உபயோகமாக ஏதாவது சொல்ல வேண்டும். உங்கள் வீட்டருகே பங்கோ, எண்ணெய் டேங்கோ இருந்து, கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்தால் காய்ச்சாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் படிகாரமும் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. கதவை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரில் வெந்நீர்க் குளியல் வேண்டாம். வாடை பழகிவிட்டால் நம் மூக்குக்கே தெரியாமல் போகும், வெளியூர் ஆளைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சாம்பிள் எடுக்க வருகிறார்கள் என்றால் கிணற்றை இறைக்காதீர்கள், மருந்து போடாதீர்கள், கடைசியாக எப்போது இறைத்தீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி எழுத வையுங்கள். மஞ்சக்குப்பம் போவதானால் இரண்டரை மணிக்குப் போனால் போதும், காலையில் போய்ப் பிரயோஜனமில்லை. அந்த ரோட்டில் போகிற வெளியூர்க்காரர்களுக்குத் தாகம் எடுத்தால், பங்கில் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும்.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, வெளியிடலாமா என்று கேட்கப் போன வாரம் கலாவுக்குப் போன் செய்தேன். நித்யாவுக்கு ஜூலையில் பண்ருட்டியில் ஆண் குழந்தை, சுகப்பிரசவம். கலா போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டாள். ஆகஸ்ட் கடைசியில் சாம்பிள் எடுக்க வந்தபோது கிணற்றில் ஒரு வாளி கூட விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் கிணறு கெட்டுப்போனதாக வந்துவிட்டது, வீடு லிஸ்டில் சேர்ந்துவிட்டது. தினம் இரண்டு கேன் இறங்குகிறதாம், இருவர் மட்டும் இருக்கிற வீட்டில் மிஞ்சுகிறதாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படியானால் மூன்றாம் மாதம் பிள்ளையையும் பேரனையும் அழைத்து வந்துவிடலாமே என்றேன்.

"எப்படிண்ணே அனுப்புவாங்க?" என்றாள் கலா. "கெணறு கெட்டுப்போச்சின்னு இப்ப கவருமெண்டே எழுதி குடுத்துட்டாங்கல்ல."